காலில் பாரம் படக்கூடாது

பழிவாங்கிய கதையை எழுதுகிறவர்கள் கடைசியில் மன்னித்துவிட்டதாகச் சொல்லி முடிப்பது வழக்கம். நான் மன்னிக்கவில்லை. அதை எதிர்பார்த்துப் படிக்க உட்காருகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

என் வலது கால் இடது காலைவிட ஒரு விரல்கடை குட்டை. மாத்தளை பஸ் நிலையத்தில் நான் நடந்து போனால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். பிறவிக் குறை என்று நினைத்துக்கொள்வார்கள். பிறவி இல்லை. பத்தொன்பது வயதுவரை எனக்கு இரண்டு காலும் சமமாகத்தான் இருந்தன. அந்த இரண்டு காலோடு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ரத்தோட்டைப் பாதைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தின் செங்குத்து மலைகளில் ஆடு மாதிரி ஏறியிருக்கிறேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் நிறைந்த கூடையோடு மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்தேன். கணைக்கால் எலும்பு முறிந்துவிட்டது. தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார்கள். அங்கே இருந்தவரை நாங்கள் டொக்டர் ஐயா என்றோம். மருந்து கலக்கவும் ஊசி போடவும் படித்தவர்தான், முழு டொக்டர் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. அப்போது எங்களுக்கு அவர் வாக்குக்கு மேல் வாக்கு கிடையாது. மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதென்றால் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய் லொறி கேட்க வேண்டும். அவருக்குத் துரையிடம் கேட்கப் பிடிக்காது. "சின்ன முறிவுதான்" என்று பலகை வைத்துத் தானே கட்டிவிட்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தொழிலாளர் வரிசைவீடான எங்கள் லயத்துக்கு வந்து, என் கூடையில் இருந்த தலைக்கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, அதைக் கூரை மரத்தில் கட்டி, ஒரு சாக்குத்துண்டைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டு, அதற்குள் என் காலைத் தூக்கி வைத்தார்.

"நான் வந்து சொல்ற வரைக்கும் இந்தக் கால்ல பாரமே படக்கூடாது. தரையில ஊனுனா கால எடுக்க வேண்டி வரும், தெரியுதா?"

அப்பா பயந்து பயந்து ஒரு வார்த்தை கேட்டார். "கலேவெலப் பக்கம் ஒரு வெதமாத்தையா இருக்காராமுங்க. முறிவுக்கு எண்ணெக் கட்டுப் போட்டு, சீக்கிரமே நடக்க வச்சிர்றாராம்..."

"கொண்டு போ. அப்புறம் கால் அழுகிப்போச்சுன்னு என் வாசல்ல வந்து நிக்காத."

அப்பா கும்பிட்டு வழிவிட்டார்.

நான் காலைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு படுத்தேன். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. வந்து சொல்கிறேன் என்றவர் வரவில்லை. மறந்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். இப்போது எழுதும்போது எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது! போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். தோட்டத்தில் பிறந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஐயாவுக்கு ஞாபகப்படுத்தினால் அது குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதற்கும் மேலே அம்மாவுக்கு வேறு பயம்.

"கேட்டா நாளைக்கே மலைக்கு ஏறுன்னுருவாரு. கெடக்கட்டும். நல்லா கூடட்டும்."

எனவே எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். அம்மா வேலைக்குப் போகுமுன் குரக்கன் கஞ்சி காய்ச்சி வாயருகே வைத்துவிட்டுப் போவாள். பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்தவள் முட்டை கொண்டுவருவாள். முறிவு பட்டவளின் கால் தரையில் படாமல் பார்த்துக்கொண்டது அந்த லயத்துக்கே பெருமையாக இருந்தது. ஐந்து மாதம். முறிந்த எலும்பு எப்போதோ கூடியிருக்கும். மற்ற எலும்புகளுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

பிறகு ஒருநாள் துரை நோய்க்காரர் பட்டியலைப் பார்த்து, யார் இந்தப் பெண் என்று கேட்டிருக்கிறார். அன்று மத்தியானமே டொக்டர் ஐயா வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. குடையை மடக்காமலே உள்ளே எட்டிப் பார்த்தார். காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. வேலைக்குத் தகுதி என்று துண்டு எழுதி அம்மாவின் கையில் கொடுத்தார்.

"எலும்பு கூடியிருக்கும். நாளைக்குப் பெரட்டுக்கு வரச்சொல்லு."

பெரட்டு என்பது காலையில் எல்லோரும் கூடி, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். அப்பா என்னைத் தாங்கிக்கொண்டு போனார். என் பெயரைக் கூப்பிட்டதும் கையை எடுத்தார். நான் நின்றேன் என்று சொல்ல முடியாது. கீழே கால் இருக்கிறது என்று நினைத்து உடம்பை அதன்மேல் வைத்தேன், அங்கே ஒன்றும் இல்லை. குதிகாலில் ஆணி ஏறியது மாதிரி ஒரு வலி. முந்நூறு பேருக்கு முன்னால் குப்புற விழுந்தேன். டொக்டர் ஐயா வந்து குடை நுனியால் என் முழங்காலைத் தட்டினார்.

"நடிக்கிறா. அஞ்சு மாசம் குந்தித் தின்ன ஒடம்பு. வேலைன்னா வலிக்கத்தானே செய்யும்."

சிரித்தார்கள். சிரித்தவர்களில் என் அத்தையும் ஒருத்தி.

மூன்று நாள் கூடையோடு மலை ஏறினேன். நாலாவது நாள் சறுக்கவில்லை, தடுக்கவில்லை, நின்ற இடத்தில் நிற்கும்போதே பழைய முறிவு மறுபடி விட்டுப்போனது. இந்தத் தடவை மாத்தளைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். கால் கூடியது, ஆனால் கோணலாக. எனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை வந்து பார்த்து, தேத்தண்ணி குடித்து, மரியாதையாகப் போய்விட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் முழுவதையும் ஒரே ஆளுக்கென்று சேர்த்து வைத்துக்கொண்டேன்.

அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? நொண்டிப் பெண் ஆயிற்றே என்று இரக்கப்பட்டு டிஸ்பென்சரியில் கூட்டித் துடைக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். ஐயாவுக்கு என்ன நல்ல மனசு என்று தோட்டமே சொன்னது. எட்டு வருஷம் அவர் சப்பாத்துச் சேற்றைத் துடைத்தேன். ஒவ்வொரு நாளும் கும்பிடு போட்டேன்.

அந்த வேலையில் ஒரு பகுதி பழைய பேப்பரைச் சதுரம் சதுரமாக வெட்டி, மாத்திரைப் பொட்டலம் மடிப்பது. பேப்பர் அவருக்கு மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வரும். அவர் படித்து முடித்ததும் எனக்கு. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்துவரை படித்தவள், வெட்டுமுன் எல்லாவற்றையும் படித்துவிடுவேன். ரொட்டிப் பாணுக்கு வரிசையில் நின்று, லயங்களில் மரவள்ளிக் கிழங்கையே சோறாகத் தின்ற காலம் அது. பேப்பரிலும் பெரும்பாலும் பஞ்சம்தான். ஒருநாள் கத்தரிக்கோல் வைத்த இடத்தில் ஒரு படம். ஆகாயத்தில் பல வாரம் பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பிய மனிதர்கள். வாட்டசாட்டமான ஆட்கள். ஆனால் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன். எலும்பு கல் மாதிரி செத்த பொருள் இல்லையாம். தினமும் கொஞ்சம் கரைகிறது, கொஞ்சம் புதிதாகக் கட்டுகிறது. நிற்கும்போதும் நடக்கும்போதும் நம் உடம்பின் பாரம் எலும்பை அழுத்துகிறது. அந்த அழுத்தம் இருந்தால்தான் கட்டுகிற வேலை ஒழுங்காக நடக்கும். ஆகாயத்தில் மிதக்கிறவர்களுக்குப் பாரமே இல்லை. இனி இது தேவையில்லை என்று உடம்பு எலும்பின் சுண்ணாம்பை எடுத்துச் சிறுநீரில் கழித்துவிடுகிறது. நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் அப்படித்தான். உடற்பயிற்சி செய்தும்கூட முழுவதாகத் தடுக்க முடியவில்லையாம். கையெலும்புக்கு அவ்வளவு சேதம் இல்லை. குதிகால், இடுப்பு, முதுகுத்தண்டு, இவைதான் இளைக்கின்றன. பூமியில் அதிகம் சுமந்த எலும்புகள் ஆகாயத்தில் அதிகம் இழக்கின்றன. கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. ஆகாயத்துக்கு அனுப்பாமலே இதைச் சோதித்துப் பார்த்தார்களாம். நல்ல திடகாத்திரமான ஆட்களை வாரக்கணக்காகக் கட்டிலில் படுக்கவைத்து, எழுந்திருக்கவே விடாமல். அவர்களுக்கும் அதேதான் நடந்ததாம்.

நான் நடிக்கவில்லை. எட்டு வருஷம் கழித்து, மாத்திரை மடிக்கிற தாளில் எனக்குச் சாட்சி கிடைத்தது. வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.

"ஐயா, இதப் பாருங்க. பாரம் படாம இருந்தா நல்ல எலும்பே தேஞ்சு போகுதாம். எனக்கும் அன்னைக்கு அதுதானுங்களே நடந்துச்சு?"

அவர் தாளை வாங்கவில்லை. கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"அது ஆகாசத்துக்குப் போனவனுக்கு. நீ எங்க போன? லயத்துல கெடந்த."

சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். நான் தாளை மடித்து இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்த் தரையைத் துடைத்தேன். அன்று துடைத்த மாதிரி அந்தத் தரை ஒருநாளும் பளபளத்ததில்லை.

கடவுள் இருக்கிறாரா என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் பாசி இருக்கிறது. அந்த வருஷத்து ஐப்பசி மழையில் டொக்டர் ஐயா தன் வீட்டுப் படிக்கட்டில் பாசி வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அவருக்கு லொறி உடனே வந்தது. மாத்தளை ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்குக் கிட்ட இருந்தார். எலும்பு கூடிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும் அன்று அங்கிருந்த இளம் டொக்டர் சிங்களத்தில் தெளிவாகச் சொன்னார். நாளையிலிருந்து காலையும் மாலையும் ஊன்றுகோல் பிடித்து நிற்க வேண்டும். தினமும் காலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்ட வேண்டும். படுத்தே இருந்தால் எலும்பு தேய்ந்துவிடும். கேட்டுக்கொண்டிருந்தது மூன்று பேர், ஐயா, அவர் சம்சாரம், நான். மூன்று பேருக்கும் சிங்களம் விளங்கும். அவரை நிற்க வைக்கிற வேலைக்கு என்னைப் போட்டார்கள்.

முதல் நாள் காலை ஊன்றுகோலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கால் தரையைத் தொட்டதும் அவர் போட்ட கூச்சலில் சம்சாரம் குசினியிலிருந்து ஓடிவந்தார். ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. மற்றவர் வலிக்கு மருந்து கொடுத்தே பழகியவருக்குத் தன் வலி புதிது.

"இன்னைக்கு வேணாம் புள்ள. நாளைக்குப் பாப்பம்."

அந்த இடத்தில் ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். அதுதான் என் வேலை. இரவிக்கைக்குள் தாளும் இருந்தது.

"ஐயாவுக்கு வலிச்சா வேணாங்க. நல்லா கூடட்டும். படுங்க."

என் பழி இவ்வளவுதான். விஷம் வைக்கவில்லை, சாபம் போடவில்லை. தினமும் காலையில் "நிக்கலாங்களா ஐயா?" என்று கேட்பேன், வேண்டாம் என்று சொல்ல வைக்கிற குரலில். அவர் வேண்டாம் என்பார். நான் தலையணையைத் தட்டி வைப்பேன். மல்லித்தண்ணி, கோழி சூப், எல்லாம் நேரத்துக்கு நேரம் கட்டிலுக்கே போகும். இரண்டாம் வாரம் வீட்டுக்குப் போய், அப்பா எறவாணத்தில் செருகி வைத்திருந்த என் பழைய கூடைக் கயிற்றை எடுத்து வந்தேன். அவர் கட்டிலுக்கு மேலே கூரையில் கட்டி, மெத்தென்ற துணியில் தொட்டில் போட்டு, காலைத் தூக்கி அதற்குள் வைத்தேன்.

"அட, சொகமா இருக்கே! இது எங்க கத்துக்கிட்ட?"

"ஐயாகிட்டதாங்க."

அவர் சந்தோஷப்பட்டார். நான் அன்று அடைந்த திருப்தியை மறைத்துப் பிரயோசனமில்லை. வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே போனேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா, அதாவது ஐயாவின் சம்சாரம், "பெத்த மக மாதிரி பாக்குறா" என்று சொல்லிச் சொல்லி உருகினார். நான் ஐயாவின் குதிகாலைக் கழுவும்போது தொட்டுப் பார்ப்பேன். வாரத்துக்கு வாரம் அது பச்சைப்பிள்ளைக் குதிகால் மாதிரி மெத்தென்று ஆகிக்கொண்டு வந்தது.

ஆறாவது வாரம் ஒபீஸிலிருந்து கடிதம் வந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய சமயம், புதிதாக வந்த துரை கண்டிப்பானவர். மாத முதலாம் தேதி வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போடுவார்கள், வீட்டையும் காலி செய்ய வேண்டும். கடிதத்துக்கு மறுநாள் காலையில் துரையும் கணக்குப்பிள்ளையும் நேரிலேயே பார்க்க வந்தார்கள்.

ஐயா அன்று முகம் மழித்து, வெள்ளைக் காற்சட்டை போட்டு, என்னைச் சப்பாத்தும் மாட்டிவிடச் சொன்னார். அவர்கள் முன்னால் எழுந்து நின்று காட்டுவது என்று முடிவு. ஊன்றுகோலைப் பிடித்தார், எழுந்தார். கீழே கால் இருக்கிறது என்று நினைத்து உடம்பை அதன்மேல் வைத்தார். எனக்கு அந்தக் கணம் நன்றாகத் தெரியும். அப்படியே மடிந்து கட்டிலின் விளிம்பில் விழுந்து கீழே சரிந்தார். மறுபடி முறியவில்லை, அந்த அளவுக்கு அவருக்கு யோகம் இருந்தது.

கணக்குப்பிள்ளை துரைக்குக் கேட்காத மாதிரி முணுமுணுத்தான். "ஒடம்பு நல்லாத்தானே ஊதியிருக்கு. வேலைன்னதும் வலிக்குதாக்கும்."

அதே வார்த்தை. ஐயா தரையில் கிடந்தபடி அழுதார். நான் தூக்கிவிடக் குனியவில்லை. நேராக நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"ஐயா ஆகாசத்துக்கா போய்ட்டு வந்தீங்க?"

இந்த ஒரு கேள்விக்காகவே நான் ஆறு வாரம் சூப் காய்ச்சினேன். அவர் முகத்தில் அது போய் விழுவதைப் பார்க்கக் காத்திருந்தேன். அவர் ஈரக் கண்ணோடு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"என்ன புள்ள ஒளர்ற? தூக்கி விடு."

அவருக்கு ஞாபகமே இல்லை. தாளும் இல்லை, பகிடியும் இல்லை. பெரட்டில் குடை நுனியால் தட்டியதும் இருந்திருக்காது. நான் எட்டு வருஷமாக நெஞ்சில் வைத்துக் காய்ச்சியது எல்லாம் அவருக்கு ஒரு மத்தியானத்தில் சொல்லி மறந்த பேச்சு. அன்று எனக்கு வந்த ஆத்திரம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. துரை இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் வாசல் தாண்டியதும் குசினிக் கத்தியை எடுத்து வந்து தொட்டில் கயிற்றை அறுத்தெறிந்தேன்.

அடுத்த ஒரு மாதம் அவரை நான் படுக்கவிடவில்லை. இரக்கம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். படுத்தால் அவருக்குச் சுகம், நின்றால்தான் வலி, எனக்கு அவர் வலிதான் வேண்டியிருந்தது. காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை. "ஊனுங்க ஐயா. குதிகால ஊனுங்க. நான் ஊனுனேன்ல?" கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துவேன். அழுவார், கெட்ட வார்த்தையில் ஏசுவார், ஒருநாள் என் கையைக் கடித்தார். "பாவி, பழைய பகையத் தீத்துக்கிறியா?" என்று சம்சாரம் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். லயத்திலும் அதே பேச்சு. நொண்டி பழிவாங்குகிறாள். ஆமாம், வாங்கினேன். ஆனால் எந்த மாதத்தில் வாங்கினேன் என்பதை ஒருவரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை.

நாசமாய்ப் போன எலும்பு, பாரம் பட்டதும் இறுகத் தொடங்கியது. தவணை முடிந்த அன்று அவர் ஒரு கம்பை மட்டும் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிவரை நடந்தார். என் பழி அவரைக் குணப்படுத்தித் தொலைத்தது. வேலையும் தப்பியது, வீடும் தப்பியது.

இரண்டு வருஷம் கழித்து ஓய்வு பெற்று இந்தியாவுக்குப் போனார். புறப்படும் முன் டிஸ்பென்சரியில் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம். எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு ஒரு சேலை கொடுத்தார். கத்தரிப்பூ நிறம், நல்ல கரை.

"நீ கடைசி மாசம் என்னைப் பேய் மாதிரி ஆட்டி வச்ச. அத நான் மறக்க மாட்டேன். ஆனா அதுக்கு முந்தி ஆறு வாரம், கால் தரையில படாம, பூ மாதிரி வச்சுப் பாத்துக்கிட்ட பாரு, அதனாலதான் இன்னைக்கு நடக்குறேன். இது அதுக்கு."

அந்தத் தாள் அன்றும் என்னிடம்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். முதலில் திடுக்கிட்டிருப்பார். பிறகு அவரைப் போன்றவர்கள் செய்கிற மாதிரி, பெரிய மனசு பண்ணி, எல்லோர் முன்னாலும் என்னை மன்னித்திருப்பார். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

குனிந்து கும்பிட்டுச் சேலையை வாங்கிக்கொண்டேன். மாத்தளைத் தேருக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன், அடுத்த வருஷமும் அதைத்தான். நல்ல துணி. பதினொரு வருஷம் உழைத்தது.